ஏழாவது துப்பாக்கி லாரி

சிறையில் அந்த வார்டருக்குச் சல்லடை என்றுதான் பெயர். சோப்பை நறுக்கிப் பார்ப்பார், செருப்பைப் பிளந்து பார்ப்பார். முப்பத்தோரு வருஷத்தில் அவர் காவலிலிருந்து ஒரு கைதிகூடத் தப்பியதில்லை. ஓய்வுபெற இன்னும் நாலே மாதம். இவ்வளவு நாள் காப்பாற்றிய பேரைக் கடைசி நேரத்தில் கோட்டை விட்டுவிடாதீர்கள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள் என்று மனைவி தினமும் சொல்லித்தான் அனுப்பினாள்.

அவருக்கு இருந்த ஒரே தலைவலி ஃபிட்டர். லாரிப் பட்டறையில் வேலை பார்த்து, அங்கே வந்த லாரிகளையே திருடி விற்று உள்ளே வந்தவன். ஏற்கெனவே இரண்டு சிறைகளுக்கு டிமிக்கி கொடுத்த ஆள். அப்படிப்பட்டவன் பொம்மை லாரி செய்ய அனுமதி கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

அதுவும் சும்மா லாரி இல்லை. போர்க்களத்தில் சாதாரணச் சரக்கு லாரியைச் சுற்றி இரும்புத் தகடு அடித்து, மேலே இயந்திரத் துப்பாக்கி வைத்து ஓட்டுவார்களே, அந்தத் துப்பாக்கி லாரி. சிறை நூலகத்துப் பழைய பத்திரிகை ஒன்றில் படம் பார்த்திருக்கிறான். கடையில் பாகம் வாங்கி ஒட்டுவதெல்லாம் அவனுக்குக் கேவலம். தேய்ந்த செருப்பில் டயர் வெட்டினான். மாத்திரைப் பட்டையின் குமிழ் முகப்பு விளக்கானது, பேனா ரீஃபில் துப்பாக்கிக் குழலானது. பக்கத்துக்கு இத்தனை போல்ட் என்று எண்ணிக் குண்டூசித் தலைகளை ஒட்டினான்.

கண்காணிப்பாளர் சொக்கிப் போய்விட்டார். தினமும் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை சிறைப் பட்டறையின் பின்னறை ஃபிட்டருக்கு என்று உத்தரவு போட்டுவிட்டார்.

சல்லடை அந்த அறையை அங்குலம் அங்குலமாகச் சோதித்தார். ஜன்னல் கிடையாது. தெருப் பக்கத்துச் சரக்கு வாசலை எப்போதோ இரும்புத் தகடு வைத்து அடைத்திருந்தார்கள். ஓங்கித் தட்டிப் பார்த்தார், கைதான் வலித்தது. பதினோரு கருவிகளை எண்ணிக் கொடுத்து, வெளியே பூட்டி, ஐந்து மணிக்குத் திறந்து எண்ணி வாங்கினார். ஃபிட்டரின் தலைமுடியைக்கூடக் கோதிப் பார்த்துத்தான் அவன் கொட்டடிக்கு அனுப்பினார். ஆக, பயல் ஏதாவது கடத்தினால் லாரிக்குள் வைத்துத்தான் கடத்த வேண்டும்.

முதல் லாரியைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தார். இரண்டாவதன் அடிப்பாகத்தைக் கழற்றினார். மூன்றாவதன் துப்பாக்கிக் குழலில் ஊசியை விட்டபோது சுருட்டிய காகிதம் ஒன்று வந்தது. மாட்டினான் பயல் என்று ஓட்டமும் நடையுமாகப் போய்க் கண்காணிப்பாளர் முன்னால் பிரித்தார்.

"இதுக்குள்ளயும் பாப்பீங்கன்னு தெரியும் சார்" என்று எழுதியிருந்தது.

கண்காணிப்பாளர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சல்லடைக்கு மானமே போயிற்று.

அன்றிலிருந்து அவரும் அந்தப் பத்திரிகையைக் கரைத்துக் குடித்தார். லாரியில் எங்கெங்கே எதை ஒளிக்கலாம் என்று தெரிந்துகொள்ளத்தான். படித்ததில் ஒரு குறையைக் கண்டுபிடித்தார்.

"நெஜ லாரியில ரெட்டைச் சுவராமேய்யா. நீ ஒத்தைச் சுவர் வெச்சு ஏமாத்தப் பாக்குறியா?"

ஃபிட்டர் தலையைச் சொறிந்தான். "நீங்க சொன்னா சரிதான் சார். தகடுதான் ரெண்டு மடங்கு ஆகும்."

"ஆகட்டுமே."

பட்டறைக் குப்பையில் தகட்டுக்கா பஞ்சம் என்று நினைத்துக்கொண்டார்.

முதல் லாரி கண்காணிப்பாளர் மேஜைக்குப் போயிருந்தது. ரெட்டைச் சுவர் லாரி வந்ததும் பழையதைத் தன் மைத்துனருக்குக் கொடுத்துவிட்டு அவர் புதிதாக ஒன்று வாங்கி வைத்துக்கொண்டார். பார்த்த மேலதிகாரிகளெல்லாம் ஆளுக்கொன்று கேட்டார்கள். வேகமாக முடி, வேகமாக முடி என்று சல்லடைதான் ஃபிட்டரை விரட்ட வேண்டியதாயிற்று.

ஏழாவது லாரியை ஒரு மணி நேரம் புரட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஃபிட்டரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, வாசலில் நின்ற மேலதிகாரியின் காரில் அதைச் சேர்த்துவிட்டு வந்தார்.

ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தார். பூட்டு போட்டபடி இருந்தது. பதினோரு கருவிகளும் மேஜைமேல் வரிசையாக இருந்தன. ஃபிட்டர்தான் இல்லை.

சரக்கு வாசல் தகட்டில் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஓட்டை. அதன் வழியாகத் தெருவும், தெருவில் போகிற சைக்கிளும் பளிச்சென்று தெரிந்தன. கீழே பைண்டிங் அட்டை ஒன்று விழுந்து கிடந்தது. துருக்கறை, வெல்டிங் தழும்பு, போல்ட் தலை எல்லாம் அச்சு அசலாக வரைந்து ஒட்டியிருந்தான். கையில் எடுத்தபிறகும் சல்லடையால் அதை அட்டை என்று நம்ப முடியவில்லை.

கண்காணிப்பாளர் தன் அறையில் குதித்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் தகட்டை வெட்டி எடுத்து, அந்த இடத்தில் அட்டையை ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறான், அதுவரை புரிகிறது என்றார். மீதிதான் அவருக்குப் புரியவில்லை.

"வெட்டின இரும்பு எங்கய்யா? பட்டறை, கொட்டடி எல்லாம் தேடியாச்சு, துண்டுகூட இல்ல. ஒரு குண்டூசி உங்களைத் தாண்டிப் போவாதே, அவ்வளவு தகடு எப்படி வெளியே போச்சு?"

சல்லடை மேஜைமேல் ரெட்டைச் சுவரோடு நின்ற துப்பாக்கி லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழு லாரிகளையும், கீறல் விழாமல், இரண்டு கையாலும் ஏந்திக் பட்டறையைத் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுத்தது அவர்தான்.