கவிழ்த்து வைத்த சீட்டுகள்

"நான் விலகிக்கிறேன்" என்று மகள் மறுபடியும் ஐந்து சீட்டுகளையும் கவிழ்த்து வைத்தாள். தையற்கடைக்காரருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

பெற்ற பெண் பயந்தாங்கொள்ளியாக இருக்கிறாளே என்பது ஒரு வருத்தம். அதை எதிரே உட்கார்ந்து, வாரா வாரம் ஆட வரும் பல் டாக்டரும் மச்சானும் பார்க்கிறார்களே என்பது அதைவிடப் பெரிய வருத்தம். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், இரண்டு நாள் தங்கிப் போக வந்திருப்பவர். அவர் முன்னால் மூக்குடைபட எந்த மாப்பிள்ளைக்குத்தான் பிடிக்கும்?

ஞாயிறு மத்தியானம் என்றால் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் போக்கர் நடக்கும். காசெல்லாம் கிடையாது. கடையில் மிஞ்சிய சட்டைப் பட்டன்கள்தான் பந்தயம். கையில் நல்ல சீட்டு இருந்தால் பட்டனை ஏற்றிக்கொண்டே போகலாம், இல்லாவிட்டால் கவிழ்த்துவிட்டு விலகலாம். விலகியவரின் சீட்டை யாரும் புரட்டிப் பார்க்கக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம்.

ஒன்பது வயதுக் குழந்தையை ஆட்டத்தில் சேர்க்கலாமா என்று சாப்பிடும்போதே ஒரு பட்டிமன்றம் நடந்து முடிந்திருந்தது.

"அவ எதுக்குங்க? அவ பாட்டுக்கு வரைஞ்சிக்கிட்டு இருக்கட்டும்" என்றாள் மனைவி.

"வாரா வாரம் என் நாற்காலிக்குப் பின்னால நின்னு பார்த்து எல்லாம் கத்துக்கிட்டா. உக்காரட்டுமே!" என்றார் அவர். "தோத்தா சிரிச்சுக்கிட்டே எழுந்து போகத் தெரியணும். அதைப் பள்ளிக்கூடத்துலயா சொல்லித் தரப் போறாங்க?"

டாக்டர் பலமாகத் தலையாட்டினார். "இருந்தாலும் சின்னப் புள்ளைக்கு எதுக்கு மாப்ளே சீட்டு?" என்று மச்சான் இழுத்தார். மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆரம்பம் என்னவோ அமர்க்களம்தான். அவர் போன் பேச வாசலுக்குப் போன நேரத்தில் மகள் டாக்டரின் பட்டன்களில் முக்கால்வாசியைத் துடைத்து எடுத்திருந்தாள். திரும்பி வந்தவர், "யாரு பொண்ணு!" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

அவர் வந்து உட்கார்ந்த பிறகு எல்லாம் தலைகீழாகிவிட்டது. அவர் ஒரு பட்டனை நகர்த்தினால் போதும், மகள் விலகிவிடுவாள்.

"யாரு ஜெயிக்கிறாங்க?" சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"அப்பாதாம்மா!" என்று மகள் கத்தினாள்.

"உங்க வீட்டம்மாவுக்கு நம்மளவிட ஆர்வம் ஜாஸ்தி" என்று டாக்டர் சிரித்தார். "எந்த வாரம் வந்தாலும் இந்தக் கேள்வி மட்டும் நிக்கவே மாட்டேங்குது."

அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டு போட்டார்கள். தையற்கடைக்காரரின் கையில் ஒரு ஜோடி ஆறு, மற்றதெல்லாம் குப்பை. இருந்தும் பெரிய சீட்டு வைத்திருப்பவர் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டு ஒரு கைப்பிடி பட்டனை அள்ளி நடுவில் போட்டார். டாக்டர் விலகினார். மச்சானும் விலகினார்.

மகள் தன் சீட்டுகளைப் பார்த்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கவிழ்த்து வைத்தாள்.

"அட, என்னம்மா நீ! அப்பாவைப் பார்த்தாலே உனக்குக் கை உதறுதே" என்றார் டாக்டர்.

தையற்கடைக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. சட்டமாவது ஒன்றாவது என்று மகளின் சீட்டுகளை வெடுக்கென்று எடுத்து மேசையில் விரித்தார். மூன்று ராஜா.

"இதை வெச்சுக்கிட்டா விலகினே?" என்று தன் ஜோடி ஆறைப் பக்கத்தில் போட்டுக் காட்டினார். "பாருங்க மச்சான், மானத்தை வாங்கறா!"

"விடுங்க மாப்ளே, குழந்தைக்கு எது பெருசுன்னு தெரியல போல" என்றார் மச்சான்.

"எனக்குத் தெரியும் மாமா" என்றாள் மகள். "மூணு ராஜாதான் பெருசு. அப்பாகிட்ட ஒண்ணும் இல்லைன்னும் தெரியும்."

"தெரிஞ்சுமா விட்டுட்டே?" என்று மச்சான் கேட்டார்.

அவள் தன் பட்டன்களை எண்ண ஆரம்பித்தாள்.

"சரியான பயந்தாங்கொள்ளி" என்றார் அப்பா.

"நான் ஒண்ணும் பயந்தாங்கொள்ளி இல்ல!"

"அப்புறம் என்ன? போனா நாலு பட்டன் போகும், அவ்வளவுதானே?" அவர் மச்சானைப் பார்த்துக் கண்சிமிட்டிவிட்டு மகளை அருகில் இழுத்துக்கொண்டார். "சொல்லுடா குட்டிமா. இங்க யாரு அந்நியர்? மாமாவே கேக்கறாரு இல்ல?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. "ஏய், இங்க வா, தண்ணி கொண்டு போய்க் குடு" என்று மனைவி அவசரமாகக் கூப்பிட்டாள்.

"இரு, அவ சொல்லட்டும்" என்று அவர் மகளின் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பாவைப் பார்க்காமல் மாமாவைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்பா தோத்துட்டா, எல்லாரும் போனப்புறம் அம்மாவை அடிப்பாரு மாமா."