வெளுக்கும் பழுப்பு

கண்ணாடிப் பெட்டியின் ரப்பர் கையுறைகளுக்குள் முழங்கைவரை கைவிட்டு நிற்கிறாள் ஆராய்ச்சிக்காரி. உள்ளே ஆக்சிஜன் துளியும் கூடாது. பட்டால் நொதி நிறம் வெளுத்துச் செத்துவிடும். ஆறு மாதம் பாடுபட்டுப் பிரித்தெடுத்த நொதி, குப்பியின் அடியில் பழுப்பாக மினுங்குகிறது. அதிலுள்ள நிக்கலும் இரும்பும் கரியமில வாயுவைக் கார்பன் மோனாக்சைடாக மாற்ற வேண்டும். அந்த வாயுவை அளக்கும் மீட்டரோ பூஜ்யத்தைவிட்டு அசையவில்லை. ஊரே நடுங்கும் விஷவாயுவுக்காக இவள் தவம் கிடக்கிறாள். "அக்கா, பழுப்பு வெளுக்குதே," என்கிறாள் கூட வேலை செய்பவள். ஆராய்ச்சிக்காரி கையுறையைப் பார்க்கிறாள். ஆள்காட்டி விரல் நுனியில் மயிரிழைக் கிழிசல். காலையில் அவசரத்தில் வெட்டாமல் விட்ட நகம். "கையை எடுத்துடுங்கக்கா." "எடுத்தா ஓட்டை இன்னும் திறந்துக்கும்டி." கட்டைவிரலால் கிழிசலை நசுக்கிப் பிடித்தபடியே நிற்கிறாள். குப்பி, குடிக்கிற தண்ணீர் போல அத்தனை சுத்தமாகத் தெளிகிறது.