தம்பிக்கு ஒரு ஊசி

"முடியாது அக்கா! வேற எது வேணும்னாலும் சொல்லு, செய்யறேன். ஊசி மட்டும் வேண்டாம்!"

கிளினிக் மாடிப்படியின் கைப்பிடியை இரண்டு கைகளாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார் தம்பி. வயது அறுபத்தெட்டு. தொழில், தையல் மெஷின் ரிப்பேர்.

"நாப்பது வருஷமா ஊசியைத்தானேடா கழட்டி மாட்டிக்கிட்டிருக்கே?" என்றார் அக்கா.

"அது துணியில இறங்கும். இது என்மேல இல்ல இறங்கும்!"

அக்காவுக்கு எழுபத்துமூன்று. நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒருமுறை 'உஷ்' என்றால் தெருவே அடங்கும். தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு படியேறினார். ஏழாவது படியிலேயே மூச்சு இரைத்தது. பையைத் திறந்து முதலில் இன்ஹேலரை இழுத்தார். பிறகு தம்பியை இழுத்தார்.

"அண்ணன் பட்ட பாடு மறந்துபோச்சா? வெறும் ஃப்ளூ காய்ச்சல்தானேன்னு அசால்ட்டா இருந்தார். அது நிமோனியாவாகி பதினெட்டு நாள் ஆக்ஸிஜனோட கிடந்தார். இன்னிக்கும் வாசல் வரைக்கும் நடந்தா உட்கார்ந்து எழுந்திரிக்க வேண்டியிருக்கு."

"மறக்கலை அக்கா" என்றார் தம்பி. குரல் இறங்கியிருந்தது. ஆனாலும் கடைசிப் படி வரை முரண்டு பிடித்தபடியேதான் வந்தார்.

ஊசி போடும் அறையில் நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். "யாருக்கு?"

"இவனுக்குத்தான். ஃப்ளூவுக்கு ஒண்ணு, நிமோனியாவுக்கு ஒண்ணு. ஓடிடாம இருக்கக் கதவைச் சாத்திடுங்க."

தம்பி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "சிஸ்டர், ஊசி போட்டா அந்தக் காய்ச்சலே வந்துடுமாமே?"

"வராது ஐயா. ரெண்டு நாள் கை வலிக்கும், லேசா உடம்பு சுடலாம். அவ்வளவுதான்."

"அப்புறம் ஃப்ளூ வரவே வராதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"அதெப்படி? ஆனா வந்தாலும் ஆஸ்பத்திரியில படுக்க வைக்கிற அளவுக்கு முத்தறது குறையும். வயசானவங்களுக்கு அதுதானே பயம்?"

"வருஷா வருஷம் வேற போடணுமாம்!"

"ஃப்ளூ கிருமி வருஷா வருஷம் வேஷம் மாத்துதே, நாமளும் ஊசியை மாத்தத்தானே வேணும்? நிமோனியா ஊசி அப்படி இல்லை. அது வருஷா வருஷம் வேண்டியதில்லை."

"காதுல விழுந்துதா?" என்றார் அக்கா.

தம்பி மோவாயைத் தடவிக்கொண்டார். "சரி, நீ போட்டுக்கிட்டியா?"

நர்ஸும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு எதுக்குடா? முப்பத்தஞ்சு வருஷம் லைப்ரரித் தூசியைத் தின்ன உடம்பு இது. எந்தக் கிருமியும் கிட்ட வராது."

"என்னைவிட அஞ்சு வயசு பெரியவ. பையில இன்ஹேலர் வேற. உனக்கே வேண்டாம்னா எனக்கு மட்டும் எதுக்கு? வா, வீட்டுக்குப் போகலாம்." தம்பி எழுந்தேவிட்டார்.

"உட்காருடா!"

அறையிலிருந்த சுவர்க் கடிகாரம்கூட ஒரு நொடி நின்று ஓடியது போலிருந்தது. அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"சிஸ்டர், முதல்ல எனக்குப் போடுங்க. இந்தக் கையில ஒண்ணு, அந்தக் கையில ஒண்ணு. இவன் கண்ணைத் திறந்து பார்க்கட்டும்!"

அடுத்த அறையிலிருந்து டாக்டர் வந்தார். காய்ச்சல் இருக்கிறதா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, முன்பு போட்டதுண்டா என்று கேட்டுவிட்டு, போடலாம் என்றார். இரண்டு கையிலும் ஊசி ஏறியது. அக்கா இமைக்கவில்லை. பக்கத்தில் நின்ற தம்பிதான் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"முடிஞ்சுதா? எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லையே!" என்றார் அக்கா.

"வெளியே கால்மணி நேரம் உட்கார்ந்துட்டுப் போங்கம்மா" என்றார் நர்ஸ்.

அக்கா வாசலில் திரும்பி நின்று விரலை ஆட்டினார். "இப்ப உன் முறை. கத்தி என் மானத்தை வாங்காதே!"

கதவு சாத்தப்பட்டது. டாக்டரும் தன் அறைக்குப் போய்விட்டார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"ஐயோ! அம்மா! செத்தேன்!"

வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். "என் தம்பிதான். சின்ன வயசிலேர்ந்தே பயந்தாங்கொள்ளி" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார் அக்கா.

உள்ளே நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். "போதும் ஐயா, நிறுத்துங்க! நீங்க ரெண்டு ஊசியும் போட்டுக்கிட்டுப் போய் பத்து நாளாச்சு!"

"மெதுவா பேசுங்க சிஸ்டர். மூணு வருஷமா கெஞ்சியும் இந்தப் பக்கமே வராத அக்காவை இன்னிக்குத்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்" என்று கிசுகிசுத்துவிட்டு, இன்னொரு கைக்காகவும் ஒருமுறை அலறினார் தம்பி.