மாண்புமிகு சிறுநீரகம்

இருதயராஜ் வீட்டுக் கழிப்பறை தினமும் காலையில் சிறுநீர்ச் சோதனை முடிவை மேடைப் பேச்சாகவே வாசிக்கும்.

“மாண்புமிகு இருதயராஜ் அவர்களே, தங்கள் புதிய சிறுநீரகம் சீரும் சிறப்புமாகப் பணியாற்றுகிறது. வாழ்த்துகள்.”

அந்தச் சிறுநீரகம் அவர் மனைவி செலின் கொடுத்தது. இருதயராஜின் சொந்தச் சிறுநீரகங்கள் இரண்டையும் தின்று தீர்த்த இரத்தக்குழாய் அழற்சியை, மாற்று அறுவை முடிந்து அவருக்குப் பொன்னாடை போர்த்திய விழாவிலேயே ‘வெல்லப்பட்டது’ என்று மருத்துவமனை பதிந்துவிட்டது. வென்றுவிட்ட நோயைக் கழிப்பறை தேடுவதில்லை.

இன்று, அந்த நோய் முதலில் வந்தபோது போலவே, அவருக்கு மூக்கில் லேசாக இரத்தம் கசிந்தது. செலின் பரணிலிருந்து பழைய கண்ணாடி டம்ளரை எடுத்து நீட்டினாள். எட்டு வருடங்களுக்கு முன், ஒற்றை அறை வாடகை வீட்டில், தினமும் அவருடைய சிறுநீரை ஜன்னல் வெளிச்சத்தில் அவள் தூக்கிப் பார்த்த டம்ளர். “நல்லா நுரை பொங்குது, சாயாக்கடை போட்டிரலாமா?” என்பார். அவளும் சிரித்துவிடுவாள்.

இன்றும் தூக்கிப் பார்த்தாள். மேலே நுரை, கீழே பால் விடாத கட்டஞ்சாயா நிறம்.

“என்ன, சாயாக்கடை போட்டிரலாமா?” என்றார் மெதுவாக.

“பழைய ஆள் திரும்ப வந்துட்டான்.”

“வாழ்த்துகள்” என்றது கழிப்பறை.

செலின் பொன்னாடையை எடுத்துவந்து அதற்குப் போர்த்தினாள்.

“செருப்பை மாட்டுங்க, டாக்டரைப் பார்க்கலாம். என் கிட்னியை உங்களுக்குத்தான் கொடுத்தேன், அவனுக்கு இல்ல.”