ஒன்பதாவது எபிசோடு

'ஒன்பதாவது எபிசோடிலிருந்து ரோபோவுக்கு வேறு யாரோ குரல் கொடுத்திருக்கிறார்கள். இது மோசடி. பெட்டியை மாற்றித் தரவும்' என்று குறிப்பேட்டில் எழுதி, பெரியவர் அதைக் கவுண்டரின் மேல் நகர்த்தினார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அவர் கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தார்.

டிவிடி கம்பெனியின் புகார்ப் பிரிவு அதிகாரி அதை ஒருமுறைக்கு இருமுறை படித்தார். பதினோரு வருட சர்வீஸில் ஒரு டிவிடியைக்கூட மாற்றிக் கொடுத்தவரில்லை. ஆபீஸில் அவருக்கு 'முடியாது சார்' என்றுதான் பெயர். கீறல் விழுந்திருந்தால் வாங்கியவரின் நகத்தையும், படம் நின்று நின்று ஓடினால் அவர்கள் வீட்டுக் கரண்டையும் குற்றம் சொல்லி அனுப்பிவிடுவார். குரல் மாறிவிட்டது என்று மட்டும் இதுவரை யாரும் வந்ததில்லை.

"தொண்டை கட்டிடுச்சா சார்?" என்றார், பேச்சை மாற்ற. பெரியவர் தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினார்.

முடியாது சார் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். 'விண்வெளிச் சலவைக்கடை', ஜப்பானிய அனிமே, பதினாறு எபிசோடுகள், நான்கு டிவிடி, தமிழ் பேசுவது. கிரகம் கிரகமாகப் போய் அழுக்குத் துணி வாங்கும் ஒரு கப்பல், அதில் எட்டுக் கை ஜந்துக்களின் சட்டைக்கெல்லாம் இஸ்திரி போடும் ஒரு ரோபோ. கப்பலே பற்றி எரிந்தாலும் அந்த ரோபோ ஒரே வசனத்தைத்தான் சொல்லும்: "கோளாறு எதுவும் இல்லை, கேப்டன்."

சுவரில் 'விரைவில் இரண்டாம் பாகம்' என்று போஸ்டர் தொங்கியது. குரல் மாறியதை ஒப்புக்கொண்டால் குடோனில் இருக்கும் ஐயாயிரம் பெட்டியும் குப்பைக்குப் போகும், இரண்டாம் பாகம் அம்பேல், தன் நாற்காலியும் கூடவே போகும் என்பது அவருக்குத் தெரியும்.

"ஒரே ஆள்தான் சார் பேசியிருக்காங்க. உங்களுக்கு அப்படித் தோணுது, அவ்வளவுதான்."

'போட்டுக் காட்டுங்கள்' என்று எழுதினார் பெரியவர்.

கூட வந்திருந்த மகள் இதுவரை வாயைத் திறக்கவில்லை. இருபத்தைந்து வயதிருக்கும். வலுக்கட்டாயமாக இழுத்து வரப்பட்டவள் மாதிரி முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நின்றாள்.

"நீயாவது அப்பாவுக்கு எடுத்துச் சொல்லக் கூடாதாம்மா?"

அவள் தரையைப் பார்த்தாள்.

சோதனை டிவியில் எட்டாவது எபிசோடு ஓடியது, பிறகு ஒன்பதாவது. முடியாது சார், வித்தியாசம் தெரிந்தாலும் இல்லவே இல்லை என்று சாதிக்கத் தயாராகத்தான் இருந்தார். அதற்குத் தேவையே வரவில்லை. அதே தகர டப்பாக் குரல், அதே சாவகாசம். சந்தேகத்துக்கு இன்னொரு தடவை இரண்டையும் போட்டார்.

ஒன்பதாவதில் சலவை இயந்திரம் வெடித்து, கேப்டன் நுரைக்குள் கழுத்தளவு மூழ்கிவிட்டார். ரோபோ எட்டிப் பார்த்தது. "கோளாறு எதுவும் இல்லை, கேப்டன்" என்றது. கொஞ்சம் யோசித்து, "சோப்பு மட்டும் ஒரு கரண்டி அதிகம்" என்றது.

முடியாது சார் குபுக்கென்று சிரித்துவிட்டார். பதினோரு வருடத்தில் யாரும் கேட்டிராத சத்தம் அது; பார்சல் கட்டுகிறவர் கத்தரிக்கோலோடு எட்டிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, அந்தப் பெண் டிவியைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அவருக்கு வெட்கமாகப் போயிற்று.

"அதே ஆள்தான் சார். எங்க வேணாலும் வந்து சொல்றேன். பெட்டியை மாத்த முடியாது."

பெரியவர் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தார். அவரோ, 'அதையே எழுதி முத்திரை குத்திக் கொடுங்கள். கடிதம் மகள் பேருக்கு இருக்கட்டும்' என்று எழுதினார்.

கோர்ட்டுக்குப் போகப்போகிறார்கள் என்று முடியாது சாருக்குத் தோன்றியது. ஆனாலும் உள்ளதைத்தானே எழுதப்போகிறோம் என்று தைரியப்படுத்திக்கொண்டு எழுதினார்: 'இரண்டு எபிசோடுகளையும் இருமுறை ஒப்பிட்டுக் கேட்டேன். குரல் ஒன்றே. குறை ஏதுமில்லை.' முத்திரையை அழுத்திக் குத்தினார்.

பெரியவர் படித்தார். கண் கலங்கிவிட்டது. இரண்டு கையாலும் முடியாது சாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சார் இது? முடியாதுன்னு சொன்னதுக்கு யாரும் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லையே."

பெரியவர் மப்ளரைத் தளர்த்தினார். தொண்டையில் நீளமாக ஒரு தையல் தழும்பு இருந்தது. குறிப்பேட்டைப் புரட்டி நிதானமாக எழுதினார்.

'எட்டு வரைக்கும் நான். அதோடு குரல் போய்விட்டது. மீதியைப் பேசிய ஆள், ரோபோவைக் கெடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இரண்டாம் பாகம் பேச மாட்டேன் என்கிறது. நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னால் நம்புவதில்லை. கடிதத்தைவிட உங்கள் சிரிப்புக்குத்தான் நன்றி.'

முடியாது சார் குத்திய முத்திரையையும் பெரியவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ மீதியைப் பேசினது யாரு சார்?"

மகள் அந்தக் கடிதத்தை வாங்கி ஒருமுறை படித்தாள், மடித்துக் கைப்பையில் வைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, விறைப்பாக நின்று, அப்பாவைப் பார்த்து முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"கோளாறு எதுவும் இல்லை, கேப்டன்."