தவமணியின் அடிகள்

சிங்கப்பூரின் புக்கிட் மேராவில் தனியாக வசித்த மரகதவல்லி, மகள் அனுப்பிய, காலடிகளை எண்ணும் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு இணையத்தில் ஒரு நடைக்குழுவில் சேர்ந்தாள். அங்கே அவளிடம் முதலில் பேசியவள் தவமணி. “நல்லா நடந்தீங்க லா, நாளைக்கும் நடப்போம்” என்று தினமும் எழுதுவாள். ஓய்வு பெற்ற பிறகு மரகதவல்லியிடம் இவ்வளவு அக்கறையாக யாரும் பேசியதில்லை.

மூன்றாவது வாரம்தான் குழுவின் அடிக்கணக்குப் பட்டியலில் அதைக் கவனித்தாள். அவள் 4,318 அடி நடந்த நாளில் தவமணியும் 4,318 அடி நடந்திருந்தாள். மறுநாள் வேண்டுமென்றே காத்தோங்வரை பஸ்ஸில் போய், அங்கே நடந்துவிட்டு வந்தாள். இருவருக்கும் 6,072.

குழுவை நடத்தும் ரமணனுக்குப் போன் செய்தாள். “தவமணி யாரு தம்பி? எங்க இருக்காங்க?”

“என்ன ஆன்ட்டி, நீங்கதானே அவங்கள குரூப்ல சேர்த்துவிட்டீங்க?”

அவள் யாரையும் சேர்க்கவில்லை.

மறுநாள் காலை கடிகாரத்தைக் கழற்றிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஏறித் தேக்காவுக்குப் போனாள். சந்தைக் கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, போனைத் திறந்தாள். அவள் பெயருக்கு எதிரே பூஜ்யம். தவமணிக்கும் பூஜ்யம்.

அப்போது செய்தி வந்தது. “என்ன அக்கா, சொல்லாம கிளம்பிட்டீங்க? இருங்க, நானும் வர்றேன்.”

இரண்டு பூஜ்யங்களும் ஒரே நேரத்தில் மாறின. பன்னிரண்டு. நாற்பது. நூற்றைந்து.

மரகதவல்லி எழுந்து ஓடவில்லை. எதிர் நாற்காலியில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.