கேப்டன் தாத்தா

"அப்பா காதுல இது விழவே கூடாது. மூச்சு விட்டீங்க, தொலைச்சிடுவேன்!"

டீச்சர் இப்படி மிரட்டியது வகுப்பில் இல்லை. வீட்டில், சொந்தப் புருஷனை.

அவர் எலக்ட்ரீஷியன். மிக்சியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"பெத்த அப்பாகிட்டயே மறைக்கணுமா? நல்லா இருக்கு நியாயம்!"

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு எழுபத்தைந்தாவது பிறந்தநாள். சொந்தபந்தமெல்லாம் வருகிறது. சுவர் நிறைய ஒரு குடும்ப மரம் மாட்ட டீச்சர் ஏற்பாடு செய்திருந்தாள். உச்சியில் அப்பாவின் தாத்தா, கப்பல் கேப்டன்! மகளைப் பார்க்க யார் வந்தாலும் சரி, அப்பா அந்தக் கேப்டன் கதையை எடுத்து விடாமல் இருக்க மாட்டார்.

கேப்டனுக்கு ஒரு போட்டோ வேண்டுமே! குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் பல நாட்டிலிருந்தும் கூடிப் பேசும் இணையதளத்தில், கப்பல் பெயரையும் அவர் பெயரையும் போட்டு விசாரித்திருந்தாள். கணக்கு அப்பா பெயரில். பழைய படங்களைப் பார்க்கட்டுமே என்று அவர் போனிலும் அதைப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

திங்கட்கிழமையே பதில் வந்திருக்கிறது. பரீட்சைத் தாள் திருத்துகிற மும்முரத்தில் வியாழக்கிழமைதான் பார்த்தாள். கடிதம் ஏற்கெனவே திறந்து கிடந்தது. தன் கைதான் தெரியாமல் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

எழுதியவர் கடல் தாண்டி எங்கோ இருக்கும் ஒரு ரிட்டயர்டு அம்மா. கம்ப்யூட்டர் மொழிபெயர்த்த விறைப்பான தமிழ்.

"மதிப்பிற்குரியவரே, அந்தக் கப்பலின் கேப்டன் என்னுடைய தாத்தா ஆவார். உங்கள் தாத்தாவின் பெயரும் ஊழியர் பதிவேட்டில் உள்ளது. பணி: சமையலறையில் பாத்திரம் கழுவுதல். பக்கத்தை இணைத்துள்ளேன். மேலும் ஆராய்வதில் மகிழ்ச்சி."

"மகிழ்ச்சியாம் மகிழ்ச்சி!" டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவங்களை யாரு ஆராயச் சொன்னது?"

"நீதான்."

"சும்மா இருங்க. அப்பா முப்பது வருஷம் ஆஸ்பத்திரி கிச்சன்ல அண்டா துலக்கினார். பெருமைன்னு சொல்லிக்க அவருக்கு இருக்கறது இந்த ஒரு கேப்டன்தான். அதையும் பிடுங்கணுமா?"

"அது சரி, மரத்துல மாமா பேருக்குப் பக்கத்துல என்ன வேலைன்னு போட்டிருக்கே?"

"ஆஸ்பத்திரி நிர்வாகம்."

"அடேங்கப்பா!"

"இடம் பத்தலைங்க," என்றாள் டீச்சர், அவர் முகத்தைப் பார்க்காமல்.

உட்கார்ந்த இடத்திலேயே அந்த அம்மாவுக்கு எழுதினாள். 'அப்பாவுக்கு வயசாகிவிட்டது. இந்த உண்மை அவருக்குத் தெரிய வேண்டாம். தயவு செய்து இனி எதுவும் அனுப்பாதீர்கள்.'

மறுநாள் சாயங்காலம் பதில் வந்துவிட்டது.

"உங்கள் இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். சம்மதம். பதவியை விட்டுக்கொடுப்பதில் என் தாத்தாவுக்கும் ஆட்சேபம் இருக்காது. ஆனால் ஒரு குழப்பம். செவ்வாயன்று மகளுக்குத் தெரிய வேண்டாம் என்றீர்கள். வியாழனன்று அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்கிறீர்கள். நீங்கள் அப்பாவா, மகளா?"

"செவ்வாய்க்கிழமையா? நான் எழுதவே இல்லையே!"

அனுப்பிய கடிதங்களைத் திறந்தாள். அவள் எழுதியதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. அப்பா போனில் வாயால் சொல்லச் சொல்ல அதுவே எழுதிக்கொண்டது, ஒரே மூச்சில்.

"அம்மா வணக்கம், நீங்க அனுப்பின பக்கம் பார்த்தேன், ரொம்ப சந்தோஷம், எங்க தாத்தாவும் என்னை மாதிரியே பாத்திரம் துலக்கினவர்னு இந்த வயசுலயாவது தெரிஞ்சுதே, அவர் கப்பல்ல போனது நிஜம், கேப்டன்னு நான்தான் கட்டிவிட்டேன், என் பொண்ணு அஞ்சாவது படிக்கறப்ப அப்பா என்ன வேலைன்னு கிளாஸ்ல கேட்டாங்களாம், சொல்ல வெட்கமா இருக்குன்னு அழுதுகிட்டே வந்தா, அப்பாவை விடு கண்ணு, கொள்ளுத்தாத்தா கப்பல் கேப்டன்னு சொல்லுன்னேன், உடனே சிரிச்சுட்டா, அன்னிலேர்ந்து அதைக் காப்பாத்திக்கிட்டு வரேன், ஞாயித்துக்கிழமை நாலு பேர் முன்னாடி அவ தலை குனியக் கூடாது, தயவு பண்ணி அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, பெருமைன்னு சொல்லிக்க எம் பொண்ணுக்கு இருக்கறது இந்த ஒரு கேப்டன்தான்."

டீச்சருக்கு அன்றைக்கு அழுததும் ஞாபகம் வந்தது, சிரித்ததும் ஞாபகம் வந்தது. எலக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்துப் படித்தார். அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

சமையலறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. எத்தனை தடவை வேண்டாமென்றாலும் காபி டம்ளரைத் தானே கழுவினால்தான் அவருக்கு நிம்மதி.

"என்னம்மா, கேப்டன் போட்டோ கிடைச்சுதா?"

"இல்லப்பா, இனிமே தேட வேண்டாம்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிரிண்டிங் கடைக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, எங்க குடும்ப மரம் அடிச்சுட்டீங்களா?"

"காலையிலதாம்மா அடிக்கணும்."

"அப்பாடா! உச்சியில 'கப்பல் கேப்டன்'னு இருக்கு பாருங்க, அதை எடுத்துட்டு 'கப்பலில் பாத்திரம் துலக்கியவர்'னு போடுங்க. எங்கப்பா பேருக்குப் பக்கத்துல 'ஆஸ்பத்திரியில் பாத்திரம் துலக்கியவர்'. ரெண்டும் நல்லா பெரிய எழுத்துல இருக்கணும்."

"பெரிய எழுத்துலயா? இடம் பத்தாது போலிருக்கேம்மா."

"பத்தலைன்னா, கீழே என் பேரைச் சின்னதாக்கிடுங்க அண்ணே."